வெட்கப்படாமலும் வெட்கமில்லாமலும்



இந்த வருட வாலிபர் முகாமுக்கு டீ-ஷர்ட் அடிப்பது என்று ஜூன் மாதமே முடிவு செய்தோம். நிறம் கருநீலம், முதுகில் முகாமின் பெயர் என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. முன்பக்கம் என்ன எழுதுவது என்பதற்குத்தான் மூன்று வெள்ளிக்கிழமைகள் போயின. கடைசியில் எங்களில் ஒருத்தி ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். எல்லோரும் கை தட்டி ஏற்றுக்கொண்டோம். ‘அன்அப்பாலஜெட்டிக்கலி’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் தமிழர், கிறிஸ்தவர்.

அந்தச் சொல் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. காப்பிக் கோப்பையில், இன்ஸ்டாகிராமில், பாட்டுக்காரர்களின் பேட்டியில். யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், எதற்கும் வருந்தாமல், நான் இப்படித்தான் என்று தலை நிமிர்ந்து நிற்பது. சிட்னியில் பிறந்து வளர்ந்து, பள்ளியில் ஒரு முகமும் வீட்டில் ஒரு முகமும் சபையில் ஒரு முகமுமாக இருந்து களைத்துப்போன எங்களுக்கு அது நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்த சொல்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் கொடுக்கும் நேரத்தில், மாதிரித் தாளை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் தமிழ் படிப்பித்த அம்மம்மா ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

“உதுக்குத் தமிழிலை என்னண்டு சொல்லுறது, பிள்ளையள்?”

“மன்னிப்புக் கேட்காமல், அம்மம்மா.”

“பிழை செய்துபோட்டு மன்னிப்புக் கேளாமல் திரியிறதோ?”

“இல்லை, இல்லை. வெட்கமில்லாமல்…”

பக்கத்தில் இருந்த ஆன்ட்டிமார் சிரித்துவிட்டார்கள். அம்மம்மா சிரிக்கவில்லை. “வெட்கமில்லாமல் தமிழர், வெட்கமில்லாமல் கிறிஸ்தவர். நல்லாத்தான் இருக்கு, அடியுங்கோ” என்றார். பிறகு தாளைத் திருப்பித் தந்தபடி, “வெட்கப்படேன் எண்டு பவுல் சொன்னது வேறை. வெட்கமில்லை எண்டு ஊர் சொல்லுறது வேறை. நீங்கள் எதைச் சொல்லுறியள் எண்டு முதலிலை யோசியுங்கோ” என்றார்.

நாங்கள் யோசிக்கவில்லை. வயதானவர்கள் இப்படித்தான் என்று தாளை மடித்து வைத்தோம். ஆனால் எங்கள் வேதபாடத்தை நடத்தும் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை பாடத்துக்குப் பதிலாக எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒரு வாரம் முழுவதும், ஒவ்வொரு முறை ‘சாரி’ சொல்லும்போதும் போனில் குறித்துக்கொள்ளவேண்டும். யாரிடம், எதற்காக என்று இரண்டு வார்த்தை போதும். அது முதல் பட்டியல். சொல்லியிருக்கவேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டதை எழுதுவது இரண்டாம் பட்டியல்.

முதல் பட்டியல் எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருத்தி ஒரே நாளில் இருபத்தாறு முறை சொல்லியிருந்தாள். ரயிலில் பை இடித்ததற்கும் லிப்டில் வழி விட்டதற்கும் சொன்னதை ஒதுக்கிவிட்டோம். அது இந்த ஊர் மரியாதை, அதில் குற்றம் இல்லை. மிச்சத்தைப் பாருங்கள்.

வருகைப் பதிவில் பெயரை வாசிக்கத் தெரியாமல் ஆசிரியர் திணறியபோது, “சாரி, என் பெயர் கொஞ்சம் நீளம்” என்று சொன்னது. வேலை செய்யும் இடத்தில் மீன்குழம்பைச் சூடாக்கியபோது, யாரும் ஒன்றும் சொல்லாத முன்பே சாரி சொன்னது. வங்கியில் அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போய், “சாரி, அம்மா என்ன சொல்ல வருகிறார் என்றால்…” என்று பேச்சைப் பிடுங்கியது. ஞாயிறு காலை வேலைக்கு வரமுடியுமா என்று மேலாளர் கேட்டபோது, “சாரி, ஒரு குடும்ப விஷயம்” என்று சொல்லி, சபைக்குப் போகிறோம் என்பதை விழுங்கியது. இன்னொருவன் எழுதியிருந்தது எங்கள் எல்லோருக்கும் சுட்டது. நண்பர்களோடு சாப்பிட உட்கார்ந்தால் அவன் குனிந்து போனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்லிவிடுவான். வாயால் சாரி சொல்லவில்லை. ஆனால் குனிந்த அந்தக் குனிவே ஒரு சாரிதான் என்று எழுதியிருந்தான்.

இதில் எதிலாவது யாருக்காவது நாங்கள் தீங்கு செய்தோமா? இல்லை. பெயர், சாப்பாடு, அம்மாவின் பேச்சு, விசுவாசம் எல்லாம் எங்களுக்குக் கொடுக்கப்பட்டவை. கொடுக்கப்பட்டதற்காகத்தான் நாள் முழுவதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம். டீ-ஷர்ட்டில் போட நினைத்த சொல் இந்தப் பட்டியலுக்கு மிகவும் பொருத்தமானது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

“சரி, இரண்டாம் பட்டியல்?” என்றார் அண்ணன்.

அது ஏறக்குறைய காலியாக இருந்தது. தங்கையிடம் கத்தியது, வாங்கிய காசைத் திருப்பித் தராதது என்று சில. கடைசியாக ஒருத்தி வாசித்தாள். “பெந்தெகொஸ்தே ஞாயிறு. வேதவாசிப்பு.” அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அறையில் யாரும் பேசவில்லை. ஏனென்றால் அது எங்கள் எல்லோருடையதும்.

நடந்தது இதுதான். தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கத்து ஊரிலிருந்து மேற்படிப்புக்காக வந்த அண்ணன் ஒருவர் இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தார். பெந்தெகொஸ்தே அன்று அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தை ஆங்கிலத்தில் வாசித்தார். தேசங்களின் பெயர்கள் வரிசையாக வரும் இடம் உங்களுக்குத் தெரியும். மெசொப்பொத்தாமியாவில் தடுக்கி, பம்பிலியாவில் நாக்கு பிசகி, திரும்ப ஒருமுறை சொல்லி மறுபடியும் பிசகினார். பின்வரிசையில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒருவன் போனில் படம் பிடித்தான். மதியம் அதை எங்கள் குழுவில் போட்டோம். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் அதேபோல் பேசிக்காட்டிக் குரல் பதிவு அனுப்பினார்.

மூன்று வாரங்களுக்கு முன்னால் நாங்களே அவரை அந்தக் குழுவில் சேர்த்திருந்தோம் என்பது யாருக்கும் நினைவில்லை. அன்றிரவு திரையில் ஒரு வரி மட்டும் வந்தது. அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார் என்ற வரி. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. யாரும் போன் செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்து நாங்கள் டீ-ஷர்ட்டுக்குச் சொல் தேட உட்கார்ந்தோம்.

எல்லா தேசத்தாரும் தங்கள் தங்கள் பாஷையில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்ட நாளைக் கொண்டாடிக்கொண்டே, ஒருவருடைய உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தோம். சொந்தப் பெயரின் உச்சரிப்புக்காகத் தினமும் சாரி சொல்லும் நாங்களே சிரித்தோம்.

அண்ணன் எங்களைத் திட்டவில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்தினார். அதே ஆராதனையில், அவர் வாசித்து முடித்த பத்து நிமிடத்துக்குள், நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று இன்னொரு ஜெபத்தையும் சேர்ந்து சொன்னோம். இந்த நாட்டின் ஆதிக்குடிகளிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கான ஜெபம் அது. மே 26ஆம் தேதியை ஒட்டி வரும் ஞாயிறு எங்கள் சபையில் அந்த ஜெபம் உண்டு.

அந்தக் கதையைச் சிறியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். அரசாங்கங்களும், அவர்களோடு சேர்ந்து சில மிஷன்களும் சபை நடத்திய இல்லங்களும், ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து எடுத்து வளர்த்தன. அவர்களுடைய மொழியைப் பேசவிடவில்லை. 1997ஆம் ஆண்டு மே 26ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ அறிக்கை, 1910 முதல் 1970 வரையிலான காலத்தில், பத்துப் பிள்ளைகளில் ஒன்று முதல் மூன்று பிள்ளைகளில் ஒன்று வரை இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அடுத்த வருடம், 1998இல், அதே நாள் முதல் முறையாக ‘சாரி தினம்’ ஆனது.

அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட், முன் தலைமுறை செய்ததற்கு இந்தத் தலைமுறை குற்றத்தை ஏற்கவேண்டியதில்லை என்று கருதினார். 1999இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தில் ஆழ்ந்த வருத்தம் இருந்தது. ‘சாரி’ என்ற சொல் இல்லை. 2000ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி சிட்னி துறைமுகப் பாலத்தின்மேல் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் நடந்தபோது, ஒரு விமானம் வானத்தில் புகையால் அந்த ஒற்றைச் சொல்லை எழுதியது. அதற்கும் எட்டு வருடம் கழித்து, 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி, பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். அதில் அந்தச் சொல் மூன்று முறை அடுத்தடுத்து வந்தது. பிரிக்கப்பட்டு வளர்ந்தவர்கள் பார்வையாளர் இருக்கைகளில் இருந்து அழுதார்கள்.

‘வருந்துகிறோம்’ என்பதற்கும் ‘மன்னியுங்கள்’ என்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று நாங்கள் கேட்டோம். வருத்தம் மழை பெய்ததற்கும் வரலாம் என்றார் அண்ணன். மன்னிப்புக் கேட்கிறவர், இதைச் செய்தது நாங்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறது. அந்த ஒரு அடிக்காக ஒரு நாடு பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தது. நாங்கள் அந்த ஜெபத்தை உரத்த குரலில் சொன்னோம். நாங்கள் செய்யாததற்காகச் சொல்வது எங்களுக்கு எளிதாக இருந்தது.

அடுத்த வாரம் போதகர் எங்களோடு உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் ‘அப்பாலஜி’ என்ற சொல் கிரேக்க ‘அப்பொலொகியா’விலிருந்து வந்தது என்று காட்டினார். அதற்கு முதல் அர்த்தம் மன்னிப்பு அல்ல. கேட்கிறவருக்குக் கொடுக்கும் பதில், தன் பக்கத்தை எடுத்துச் சொல்லும் பேச்சு. எருசலேமில் கோட்டைப் படிகளில் நின்று பவுல் ஜனங்களுக்குச் சொன்னது அந்த அப்பொலொகியாதான் (அப்போஸ்தலர் 22:1). அதை அவர் எபிரெயு பாஷையில் பேசினார் என்றும், அதைக் கேட்டதும் கூட்டம் இன்னும் அமைதியானது என்றும் லூக்கா எழுதுகிறார். பேதுருவும், நமது நம்பிக்கையைப்பற்றிக் கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லும் இடத்தில் அதே சொல்லைத்தான் எழுதுகிறார் (1 பேதுரு 3:15). நமது தமிழ் வேதாகமத்தில் அங்கே ‘உத்தரவு’ என்று இருக்கிறது. இன்று அந்தச் சொல்லுக்குக் கட்டளை என்று பொருள் கொள்கிறோம். பழைய தமிழில் அது பதில்தான். அந்தப் பதிலைச் சாந்தத்தோடு சொல்லவேண்டும் என்றும் பேதுரு சேர்த்திருக்கிறார். ஆகவே அந்தப் பழைய அர்த்தத்தில் நாம் ‘அன்அப்பாலஜெட்டிக்’ ஆக இருக்கவே முடியாது. பெயர் என்ன, என்ன சாப்பிடுகிறாய், ஏன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாய் என்று கேட்டால், குனியாமலும் முறைக்காமலும் பதில் சொல்லவேண்டும்.

பிறகு போதகர் இன்னொரு சொல்லைக் காட்டினார். ‘பின்னால் வருந்தத் தேவையில்லாதது’ என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறதாம். தமிழில் இரண்டு இடத்திலும் வேறு வேறு சொற்களாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. முதலாவது ரோமர் 11:29. இஸ்ரவேலரைப்பற்றிப் பேசும்போது, தேவன் தாம் கொடுத்த வரங்களுக்காகவும் அழைத்த அழைப்புக்காகவும் மனம் மாறுவதில்லை என்கிறார் பவுல். இரண்டாவது 2 கொரிந்தியர் 7:10. தேவனுக்கேற்ற துக்கம் கொண்டுவரும் மனந்திரும்புதலைப்பற்றி அதே சொல்லைச் சொல்கிறார். அப்படி மனந்திரும்பிய யாரும் அதற்காகப் பின்னால் வருந்தியதில்லை.

எங்களுடைய இரண்டு பட்டியல்களும் அந்த இரண்டு வசனங்களில் இருந்தன. கொடுத்தவரே கொடுத்ததற்காக வருந்தாதபோது, பெற்றுக்கொண்ட நாங்கள் ஏன் சாரி சொல்கிறோம்? மனந்திரும்பினவர் யாரும் வருந்தாதபோது, இரண்டாம் பட்டியலைக் கண்டு ஏன் பயப்படுகிறோம்? அம்மம்மா சொன்னதும் இதுதான். முதல் பட்டியலில் வெட்கப்படாமல் இருப்பது விசுவாசம். இரண்டாம் பட்டியலிலும் அப்படியே இருந்தால் அதற்குத் தமிழில் பெயர் வெட்கமில்லாமை. எரேமியா தன் காலத்து ஜனங்களைப்பற்றி வேதனைப்பட்டதும் (எரேமியா 6:15), அவர்களுக்கு வெட்கப்படக்கூடத் தெரியவில்லை என்பதற்காகத்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனோம். வெஸ்ட்மீட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், நான்கு மாணவர்கள் சேர்ந்து இருக்கும் சின்ன யூனிட். கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “உள்ள வாங்கப்பா, உக்காருங்க” என்றார். நாற்காலி போதவில்லை. தரையில் உட்கார்ந்தோம்.

எங்களில் ஒருவன் ஆரம்பித்தான். “அண்ணா, உங்கள் மனம் புண்பட்டிருந்தால் நாங்கள் வருந்துகிறோம்…” சொல்லும்போதே அவனுக்குக் கேட்டுவிட்டது. ‘பட்டிருந்தால்’. நிறுத்தினான். படம் பிடித்தவன்தான் அவன். மறுபடியும் சொன்னான். “அண்ணா, நீங்க வாசிச்சப்ப நாங்க சிரிச்சோம். நான் வீடியோ எடுத்தேன். எல்லாரும் அதைப் பார்த்தோம். அது தப்பு. எங்களை மன்னிச்சிருங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரெஸ்டாரண்ட்ல பாத்திரம் கழுவிட்டு வந்தேன்” என்றார். “வந்து மூணு மணி வரைக்கும் அந்தப் பேரையெல்லாம் போன்ல போட்டுக் கேட்டுக் கேட்டுப் படிச்சேன். ஊர்ல பெந்தெகொஸ்தே அன்னிக்கு எப்பவும் நான்தான் வாசிப்பேன். தமிழ்ல ஒரு எழுத்து தப்பாது.”

“அப்ப ஏன் அண்ணா தமிழில் வாசிக்கவில்லை?”

“உங்களுக்குப் புரியாதுன்னுதான்.”

அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் பேச வரவில்லை. அவர் எழுந்து எல்லோருக்கும் டீ போட்டார். கோப்பை போதாமல் இரண்டு பேருக்கு டம்ளரில் கொடுத்தார். போன்களை எடுத்து அவர் முன்னால் எல்லாவற்றையும் அழித்தோம். வெளியே யாருக்கெல்லாம் அனுப்பினோமோ அவர்களிடமும் சொல்லி அழிக்கச் செய்தோம். புறப்படும்போது, மறுபடியும் சபைக்கு வருவீர்களா என்று ஒருத்தி கேட்டாள். “மன்னிச்சிட்டேன். அத மனசாரத்தான் சொல்றேன்” என்றார். “ஆனா திரும்ப வர்றதுக்கு இன்னும் மனசு வரல. இப்ப வேற சபைக்குப் போறேன். அங்க ஆராதனை சாயங்காலம். வேலைக்கும் அதுதான் தோது.”

இதை எழுதும் இன்றுவரை அவர் வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. போனதற்காக எங்களில் யாரும் வருந்தவும் இல்லை. அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். எங்களில் இரண்டு பேர் இப்போது மாதம் ஒருமுறை அவரிடம் போய்த் தமிழ் வேதவாசிப்புப் பழகுகிறார்கள். நாங்கள் தடுக்கினால் அவர் சிரிப்பதில்லை.

டீ-ஷர்ட் விஷயத்துக்கு வருகிறோம். அந்த ஆங்கிலச் சொல்லைப் போடவில்லை. அது கெட்ட சொல் என்பதற்காக அல்ல. எதற்காக என்று கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அம்மம்மாவிடம் போய், பவுலின் சொல்லைத் தமிழில் எழுதித் தரச் சொன்னோம். ‘வெட்கப்படேன்’ என்று தன் கையெழுத்தில் எழுதித் தந்தார். அதை அப்படியே அச்சிட்டோம். கீழே ரோமர் 1:16. எங்களில் நான்கு பேருக்கு அதை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. இப்போது யாராவது ரயிலில் அது என்ன எழுத்து என்று கேட்டால், பதில் சொல்லப் பழகியிருக்கிறோம். சாரி சொல்லிக்கொண்டு ஆரம்பிப்பதில்லை.

இரண்டாம் பட்டியலை டீ-ஷர்ட்டில் போட வழியில்லை. அதை ஒரு வீட்டுக்குப் போய், கதவைத் தட்டித்தான் சொல்லவேண்டும்.

அன்பான தம்பி தங்கைகளே, நீங்களும் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். முதல் பட்டியலில் இருப்பதை இனிமேல் சொல்லவேண்டாம். உங்கள் பெயரை முழுவதுமாகச் சொல்லுங்கள், அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். இரண்டாம் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தாலும், அடுத்த திருவிருந்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள். அப்பா அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் எங்களோடு எண்ணலாம்.

கர்த்தர் நமக்குக் கொடுத்ததற்காக நாம் வெட்கப்படாமலும், நாம் செய்ததற்காக வெட்கப்பட அறிந்தவர்களாகவும் இருக்க அவரே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.